நட்சத்திர ஆராய்ச்சிக்கு மதுரையை விட்டுப் போயே தீரவேண்டுமா?

மே மாதம் பிறந்து தேர்வு முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரத் தொடங்கிவிட்டால், கே.கே. நகர் ஆர்ச்சிலிருந்து வண்டியூர்க் கண்மாய்க் கரை வரையில் நீட், ஜே.இ.இ. பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தட்டிகள் வரிசை வரிசையாக முளைத்து, அவற்றில் சிரித்த முகத்தோடும் பெற்ற மதிப்பெண்களோடும் காட்சி தருகின்ற பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்தவாறே நடைப்பயிற்சிக்குச் செல்லும் பெற்றோர்கள், தத்தம் வீட்டுப் பிள்ளைகளின் எதிர்காலத்தை மனத்துக்குள் எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பது எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறுகின்ற ஒரு வைபவம். அந்தத் தட்டிகளில் ஒருபோதும் இடம்பெறாத ஆசைகளும் சில வீடுகளில் உண்டு. தொலைநோக்கியைத் தொடாமல், கணிதத்தையும் பௌதிக விதிகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு, நட்சத்திரங்களின் பிறப்பையும் வாழ்வையும் மரணத்தையும் ஆராய்கின்ற கோட்பாட்டு வானியற்பியலில் தம் ஆயுளைச் செலவிடவேண்டும் என்பது அத்தகைய ஆசைகளுள் ஒன்று.

கல்லூரியில் பல காலம் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்றவன் என்பதனால், இந்த ஆசை தலைகாட்டிய வீட்டார் யோசனை கேட்க என்னிடம் வருவதுண்டு. சென்ற கோடையில் வந்தவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு வழக்கறிஞர். (மாவட்ட நீதிமன்றம் அருகிலேயே இருப்பதால் எங்கள் பகுதியில் வழக்கறிஞர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை.) மனைவியையும், பிளஸ் டூ முடித்திருந்த மகளையும் உடன் அழைத்து வந்திருந்த அவர், குறுக்கு விசாரணையில் பழகியவர் ஆகையால், பீடிகை ஏதுமின்றி விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"படிப்பு அஞ்சு வருசம், ஆராய்ச்சி ஆறு வருசம், அதுக்கப்புறமும் நாடு நாடாப் போய்த் தற்காலிக வேலைதான்னு இவளே சொல்றா. அப்ப இவ ஒரு எடத்துல நெலையா உக்கார்றது எப்ப சார்?"

மகள் தன் தரப்பைச் சுருக்கமாகவே எடுத்துவைத்தாள். "கண்மாய்க் கரையில நின்னு பாத்தா லைட் வெளிச்சத்துல பத்து நட்சத்திரம்கூடச் சரியாத் தெரியாது தாத்தா. ஆனா நான் பாக்கப்போறது பேப்பர்லதான்."

அதுவரையில் பேசாமலிருந்த அந்த அம்மாள் இதைக் கேட்டதும் குறுக்கிட்டார்: "பேப்பர்ல பண்றதுதான்னா அதை இங்கன இருந்தே பண்ணக்கூடாதாண்ணே? எதுக்கு ஊரை விட்டுப் போகணும்?"

தந்தையின் வினா நியாயமானது. அதற்கு விடை சொல்லுவதும் எளிது. தாயின் வினாவையோ, எனக்குத் தெரிந்தவரையில், நம்முடைய சர்வகலாசாலைகளும் உயர்கல்வித் துறையும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விஞ்ஞானங்களுள் இடத்தைக் குறித்து மிகக் குறைவாகக் கவலைப்படவேண்டிய ஒரு துறையை, ஊரைத் துறந்தால் மட்டுமே கைகூடும் துறையாக நாமே ஆக்கி வைத்திருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். அதை விவரிக்குமுன், வழக்கறிஞருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ முடித்த மாணவி, திருவனந்தபுரம், திருப்பதி, புனே முதலிய ஊர்களில் உள்ள ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். அல்லது மதுரைக் கல்லூரியொன்றிலேயே பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, ஜாம் தேர்வு எழுதி, நல்லதோர் இடத்தில் எம்.எஸ்ஸி.க்குப் போகலாம். பிறகு ஜெஸ்ட், நெட் முதலிய தேர்வுகளில் தேறினால் பெங்களூரிலோ புனேயிலோ மும்பையிலோ சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலோ பி.எச்டி. ஆய்வு. ஜே.ஆர்.எஃப். என்னும் உபகாரச் சம்பளம் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுகளுக்குப்பின் 42,000. பட்டம் கைக்கு வரும்போது வயது இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ ஆகியிருக்கும். அதன்பின் தொடங்குவதுதான் போஸ்ட்டாக் என்னும் காலம்: ஓரிடத்தில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள், அது முடிந்ததும் வேறொரு நாட்டில் மீண்டும் அவ்வளவு ஆண்டுகள் என்று, அந்நாளில் மதுரையிலிருந்து புறப்பட்ட பாய்ஸ் கம்பெனி நடிகர்கள் ஊருக்கு ஊர் கொட்டகை மாறியதுபோல, பெட்டியைத் திறந்து மூடுவதிலேயே யௌவனத்தின் நடுப்பகுதி கழிந்துவிடும். நிரந்தர உத்தியோகம் கிடைப்பதாயின் முப்பத்துமூன்று, முப்பத்தைந்து வயதில் கிடைக்கலாம். கிடைக்காமலே போகவும் கூடும். பட்டம் பெறுவோரின் தொகையைக் காட்டிலும் இருக்கின்ற பதவிகளின் தொகை எப்போதும் குறைவு.

அப்படிக் கிடைக்காதவர்கள் பட்டினி கிடப்பதில்லை என்பதையும் உடனே சொல்லவேண்டும். சமன்பாடுகளோடும் கணினியோடும் பத்தாண்டு மல்லுக்கட்டியவர்களை வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் தரவு ஆய்வகங்களும் விரும்பியே ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே இத்துறையில் இறங்குகிறவர்களுக்கு உண்மையான ஆபத்து வறுமை அன்று. எல்லாவற்றையும் ஒத்திப்போட்டுக்கொண்டே போவது. வீடு வாங்குவது, விவாகம், வயதான பெற்றோருக்கு அருகில் இருப்பது ஆகிய அனைத்தும் அடுத்த ஒப்பந்தம் முடியட்டும் என்று தள்ளிப்போகும்; பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இந்தத் தாமதத்துக்குச் சமூகம் வசூலிக்கின்ற வட்டியும் அதிகம். இவ்வளவையும் கேட்டபின்னரும் ஆசை குன்றாத பிள்ளையைத் தடுப்பதில் பிரயோஜனமில்லை என்று வழக்கறிஞரிடம் சொன்னேன். நட்சத்திரங்களின் மீது மட்டும் காதல் இருந்தால் போதாது, வகைக்கெழுச் சமன்பாடுகளின் மீதும் கொஞ்சம் பிரியம் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

இனி அந்த அம்மாளின் வினாவுக்கு வருகிறேன்.

நம்மவர்களுக்கு இத்துறை என்றவுடனே நினைவுக்கு வருகிற பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ஆம் ஆண்டு லாகூரில், இரயில்வே கணக்குத் துறையில் உயர் உத்தியோகம் வகித்த ஒரு தமிழரின் மகனாகப் பிறந்து, இப்சனுடைய நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்த தாயாரின் வளர்ப்பில் சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, சி.வி. இராமனுடைய அண்ணன் மகன் என்ற அடையாளத்தைத் தம் சொந்தக் கீர்த்தியால் விரைவிலேயே மறக்கச் செய்த அவர், 1930 ஜூலை 31 அன்று, இருபது வயது நிறைவதற்கு முன்னரே, பம்பாயில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் அவர் போட்ட கணக்கைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்பது தகும். கோட்பாட்டாளர் என்ன செய்கிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் தன் பாரத்தினாலேயே சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்துவது எது? ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க இயலாது என்னும் குவாண்டம் விதியினால், நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் வெப்பமே இல்லாவிடினும் எதிர்த்துத் தள்ளுகின்றன. அந்த அழுத்தம், ஒரு கன சென்டிமீட்டரே டன் கணக்கில் நிறையுள்ள வெண்குறு விண்மீன்களைத் தாங்கி நிற்கிறது என்று 1926-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் காட்டியிருந்தார். அவருடைய கணக்கின்படி எவ்வளவு கனமான நட்சத்திரமானாலும் ஓரளவு சுருங்கியபின் அமைதியடைந்துவிடும். சந்திரசேகர் கவனித்தது ஒன்றே ஒன்று. அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அவ்வாறாயின் ஐன்ஸ்டைனுடைய சார்பியலைக் கணக்கில் சேர்த்தாகவேண்டும். சேர்த்துப் பார்த்தால், அடர்த்தியின் மூன்றில் ஐந்து பங்கு அடுக்கில் ஏறிவந்த அழுத்தம், மூன்றில் நான்கு பங்கு அடுக்குக்குத் தளர்ந்துவிடுகிறது. சுருங்கச் சுருங்க ஈர்ப்பு எவ்வளவு வேகமாக வளர்கிறதோ, அதே வேகத்தில்தான் அழுத்தமும் வளர்கிறது; முந்திக்கொள்ள முடிவதில்லை. சமன்பாட்டிலிருந்து நட்சத்திரத்தின் ஆரம் காணாமற்போகிறது. ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி, ஈர்ப்பு மாறிலி, அணுவின் நிறை ஆகியவற்றால் மட்டுமே தீர்மானிக்கப்படுகின்ற ஒரு நிறை மிஞ்சி நிற்கிறது. அதற்கு மேற்பட்ட நிறையுள்ள நட்சத்திரத்துக்கு அந்த அமைதி வாய்க்காது. 1931-இல் அச்சான கட்டுரையில் அந்த எல்லை சூரியனைப்போல் 0.91 மடங்கு என்று இருந்தது. நட்சத்திரத்தின் உட்பொருள் எதனால் ஆனது என்பதைப் பற்றிய அறிவு தெளிவடைந்தபோது அது ஏறத்தாழ 1.4 மடங்கு ஆயிற்று. எண் திருந்தியது, கருத்து அசையவில்லை.

இந்தக் கதையில் கப்பலையும் கேம்பிரிட்ஜையும் நாம் பெரிதாக நினைவில் வைத்துக்கொண்டுவிட்டோம். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில், அக்காலத்து வானியலின் சக்கரவர்த்தியாக விளங்கிய எடிங்டன், சபை நடுவே அந்த இளைஞரின் முடிவை நகைப்புக்கு இடமாக்கியதும், சிகாகோ சர்வகலாசாலை 1937-இல் அவரை ஏற்றுக்கொண்டதும், 1953-இல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தந்தையார் மனம் நொந்ததும், 1983-இல் நோபல் பரிசு வந்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. ஆனால் அதே எல்லையை நோக்கி ஏறத்தாழ அதே காலத்தில் தனித்தனியே நடந்த இருவர் வேறு இருந்தனர்: எஸ்டோனியா நாட்டுத் தார்த்து நகரில் வில்ஹெல்ம் ஆண்டர்சன், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எட்மண்ட் ஸ்டோனர். அந்நாளில் வானியலின் தலைநகரம் என்று எவரும் தார்த்துவையோ லீட்ஸையோ குறிப்பிட்டிருக்கமாட்டார்கள். ஒரு மேசை, சில சஞ்சிகைகள், கணிதம் தெரிந்த ஒரு மூளை ஆகியவை இருந்த இடங்களிலெல்லாம் அந்தக் கணக்கைப் போட முடிந்தது. நடுக்கடலிலும் போட முடிந்தது.

அப்படியானால் சென்னையில் சந்திரசேகருக்கு எது குறைவாக இருந்தது? தொலைநோக்கி அன்று. 1928-இல் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவரைச் சென்று சந்தித்த அந்த மாணவர், தாம் ஆழ்ந்து படித்து வைத்திருந்த அணுக் கொள்கை அதற்குள்ளாகவே பழையதாகிவிட்டது என்று அறிந்து திகைத்தார். சோமர்ஃபெல்ட் இன்னும் அச்சாகாத தம் கட்டுரையின் மெய்ப்புத்தாள்களை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படித்துச் சில மாதங்களிலேயே அவர் எழுதிய ஆய்வுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. விஷயம் தெரிந்த ஒருவரோடு நிகழ்ந்த ஒரு சம்பாஷணை அவ்வளவு செய்தது. அத்தகைய சம்பாஷணை சென்னையில் வாரந்தோறும் கிடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகித்துப் பார்ப்பது வீண்தான். ஆயினும் ஆசை விடுவதில்லை.

மதுரையை எடுத்துக்கொண்டாலும் போவதே மரபாக இருந்திருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவுக்குச் சென்று இராமனோடு சேர்ந்த பிறகுதான் உலகப் பிரசித்தி பெற்றார். அன்று அதற்குக் காரணம் இருந்தது. சஞ்சிகைகள் கப்பலில் வந்துசேர மாதக்கணக்காகும். கல்கத்தா நூலகத்தில் இருந்தது மதுரையில் இராது.

ஆனால் போகாமலும் காரியம் நடந்திருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. அவற்றைச் சந்திரசேகரின் சரித்திரத்துக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியைக்கூட நாம் கொடுப்பதில்லை. குஜராத்தைச் சேர்ந்த ஆசிரியர் பி.சி. வைத்யா, 1942-இல், தம் சொற்பச் சேமிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் காசிக்குப் போய், அங்கே வி.வி. நார்லிகரிடம் சில மாதங்கள் இருந்து, ஒளியை உமிழ்ந்துகொண்டிருக்கும் நட்சத்திரத்தின் ஈர்ப்புக் களம் எவ்வாறிருக்கும் என்னும் வினாவுக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விடை கண்டார். 1943-இல் வெளியான அந்த விடை இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரோ கணித ஆசிரியராகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

கல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரியின் சரித்திரம் இன்னும் பொருத்தமானது. அசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் பொதுச் சார்பியலைத் தாமாகவே கற்று, பிறகு சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் உலோகங்களின் பௌதிகத்தைக் கவனிக்குமாறு மேலிடம் பணித்ததால் அதை ஒரு கையால் செய்துகொண்டு, மறு கையால் தமக்குப் பிடித்த வினாவை அவர் தொடர்ந்தார். பிரபஞ்சம் சமச்சீரானது என்னும் அனுமானத்தை நீக்கிவிட்டால், காலத்தில் பின்னோக்கிச் செல்லும்போது எல்லாம் ஒரு புள்ளியில் குவிவது நீங்கிவிடுமா என்பது அந்த வினா. பொருள்களின் பாதைகள் ஈர்ப்பினால் எவ்வாறு ஒன்றையொன்று நெருங்குகின்றன, சுழற்சி அதை எவ்வாறு எதிர்க்கிறது என்பதை ஒரே வரியில் அடக்கிய சமன்பாடு 1955-இல் அமெரிக்காவின் ஃபிசிக்கல் ரெவ்யூ சஞ்சிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு டாக்டர் பட்டம்கூட இல்லை. 1965-இல் பென்ரோஸும் அவரைத் தொடர்ந்து ஹாக்கிங்கும் கருந்துளைகளைப் பற்றியும் பிரபஞ்சத் தோற்றத்தைப் பற்றியும் நிறுவிய தேற்றங்களில் அந்தச் சமன்பாடு ஆதார ஸ்தானத்தில் இருக்கிறது. 2020-இல் பென்ரோஸுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது கல்கத்தாவில் ராய்சௌதுரியை நினைத்துக்கொண்டவர்கள் பலர். ராய்சௌதுரி பின்னர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, கால் நூற்றாண்டுக் காலம் பி.எஸ்ஸி. மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர்களுக்கு இல்லாத சௌகரியங்கள் இன்று கே.கே. நகர் மாடியறையொன்றில் உண்டு. 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியத்தில் உலகத்தின் புதிய வானியற்பியல் கட்டுரைகள் அன்றன்றைக்கே காசில்லாமல் வருகின்றன. பிரின்ஸ்டனில் இருப்பவரும் பீபீகுளத்தில் இருப்பவரும் ஒரே நாளில் படிக்கலாம். 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பலையின் தரவுகள் பொதுமக்களுக்கே திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மதுரைக்குத் தலைமேலேயே இருக்கிற கொடைக்கானல் ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்துவந்த சூரியப் படங்கள் மின்வடிவாக்கப்பட்டு எவருக்கும் கிடைக்கின்றன. 1909-இல் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த அதே மலைக்கு, இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு; அது வலுவானது. இக்காலத்துக் கோட்பாட்டாளருக்குக் காகிதம் மட்டும் போதாது, விண்மீன் திரள்கள் உருவாவதைக் கணிப்பதற்குப் பெரும் கணினிகள் வேண்டும். அவற்றைக் காட்டிலும், தம் கணக்கில் உள்ள பிழையை முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டும் சகாக்கள் வேண்டும். ஆகையால் இளமையில் வெளியே போய்த்தான் தீரவேண்டும் என்பார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பெண் புனேக்குப் போகட்டும், ஹைடெல்பர்க்குக்கும் போகட்டும். ஜயந்த் நார்லிகர் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாய்லோடு பணிபுரிந்து பெயர் பெற்றபின் 1972-இல் நாடு திரும்பினார் என்றால், மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவருக்கு ஓர் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. நான் கேட்பது, ஹைடெல்பர்க்கிலிருந்து திரும்பி வருகிறவளுக்கு மதுரையில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதே.

இன்றைய நிலையில் திறந்திருக்கக்கூடிய வாசல், கௌரவ விரிவுரையாளர் என்னும் பட்டத்தோடு கூடியது. அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தர இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடக்க, பாடங்களை நடத்துகிறவர்கள் தொகுப்பூதியம் பெறும் இவர்களே. டாக்டர் பட்டம் பெற்று வகுப்பு நடத்துகிறவர் பெறுவது, பட்டத்துக்காக ஆய்வு செய்கிற மாணவர் பெறும் உபகாரச் சம்பளத்தைவிடக் குறைவு என்னும் விநோதத்தை வேறெந்தத் துறையிலாவது பொறுத்துக்கொள்வோமா? 2024-இல் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது என்பதிலிருந்தே பள்ளத்தின் ஆழம் விளங்கும். நிரந்தரப் பதவி கிடைத்தவருக்கோ வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு என்று விதி. அதற்குமேல் சேர்க்கை, தேர்வு, தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள். இவற்றுக்கிடையே கிடைக்கும் நேரத்தில் நட்சத்திரத்தை நினைப்பவர் இருந்தால் அவர் வணங்கத்தக்கவர். அவரும் தம் கல்லூரியில் அந்தத் துறைக்கு ஒருவரே. பிழை சுட்டுவதற்கு எவருமில்லை.

இந்தத் தனிமையை உணர்ந்துதான் பல்கலைக்கழக மானியக் குழு 1988-இல் புனேயில் ஐயூக்கா என்னும் மையத்தை ஜயந்த் நார்லிகர் தலைமையில் நிறுவிற்று. தேசத்தின் கல்லூரி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சில வாரங்கள் அங்கே தங்கி, நூலகத்தையும் கணினிகளையும் பயன்படுத்திக்கொண்டு, சகாக்களோடு விவாதித்துவிட்டு, மீண்டும் தம் வகுப்பறைக்குத் திரும்பலாம். சிறந்த ஏற்பாடு. ஆனால் அங்கே போவதற்கு விடுப்புத் தரவேண்டிய கல்லூரி நிர்வாகம், அவர் வகுப்புகளை யார் எடுப்பது என்று கேட்குமானால், புனேயில் திறந்த வாசல் இங்கே அடைபட்டுவிடுகிறது.

ஆகவே நான் வேண்டுவது பெரிய ஆய்வகமோ, கோடிகளில் ஒதுக்கீடோ அன்று. மதுரை ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மேலூர் அரசுக் கல்லூரி, திருமங்கலம் அரசுக் கல்லூரி ஆகிய மூன்றுக்கும் பௌதிக ஆசிரியர்களை நியமிக்கும்போது, வானியற்பியலில் தேர்ச்சி பெற்றவர் மூவரையேனும், தமிழ்நாடெங்கும் ஆளுக்கொரு மூலையில் சிதறடிக்காமல், இந்த ஒரே வட்டாரத்தில் அமர்த்துவதற்கு உயர்கல்வித் துறை ஒரு விதி செய்யலாம். அவர்களுக்கு வகுப்பு நேரத்தில் கால் பங்கு குறைத்து, ஐயூக்காவில் தங்கும் வாரங்களைப் பணிக்காலமாகவே கணக்கிடலாம். காமராசர் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும், அமெரிக்கன், தியாகராசர், லேடி டோக் கல்லூரிகளில் விருப்பமுள்ளவர்களும் அவர்களோடு வாரம் ஒருமுறை சனிக்கிழமையில் கூடட்டும், பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் மகளிர் கல்லூரி இருக்கும் கோரிப்பாளையத்துக்கு வந்துபோக டவுன் பஸ் இருக்கிறது. கரும்பலகையும் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்காக அரசாங்கம் புதிதாகத் தரவேண்டியது, அந்த ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை வகுப்புகளிலிருந்து ஒரு விலக்கு.